அரசு ஊழியர் ஊழியக்காரர் ஆன கதை

தென்கொரியாவின் குன்சான் நகரக் குடிநீர் அலுவலகத்தில் துணைப் பிரிவு அதிகாரியாக இருந்த தக் ஜோங்பில், வேலையை விட்டுவிட்டுக் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போனதற்கு முதல் காரணம், அவருடைய இடது கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது.

அன்று ஞாயிறு மதியம். சபையில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் மிஷனெரிக் கூட்டம். நூடுல்ஸ் சூப் சாப்பிட்ட மயக்கத்தில் பாதிச் சபை கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தது. கம்போடியாவிலிருந்து வந்திருந்த மிஷனெரி, வெயிலில் கருத்து, தொண்டை கட்டி, மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"பணம் கேக்கல, பட்டம் கேக்கல. ஆள் வேணும்! குளத்துத் தண்ணியைக் குடிச்சுட்டுப் பிள்ளைங்க வயித்தால போய்ச் சாகுதுங்க. யாரு வர்றீங்க? வர்றவங்க எழுந்து நில்லுங்க!"

ஒருவரும் அசையவில்லை. மூப்பர்கள் எல்லோரும் சட்டென்று கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. வாலிபர்கள் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை ஆராய்ந்தார்கள்.

சபையில் டீக்கனாகவும் இருந்த ஜோங்பிலுக்கு அரை மணி நேரமாகவே கால் மரத்துக் கிடந்தது. அதை மெல்ல நீட்டப் பார்த்தார். கெண்டைச் சதை கல்லாக இறுகிச் சுருட்டி இழுத்தது. "ஐயோ!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழுந்தார்.

அவ்வளவுதான். சபை கைதட்டியது. பியானோ வாசிக்கும் பெண் தானாகவே ஒரு பாட்டைத் தொடங்கினாள். மிஷனெரி மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க... என் காலு..." என்றார் ஜோங்பில், வலியில் பல்லைக் கடித்தபடி.

"ஆமா சகோதரரே, காலுதான்! போறதுக்கு முதல்ல வேண்டியது காலுதானே!" என்று மிஷனெரி மைக்கில் முழங்கினார். மறுபடியும் கைதட்டல்.

ஜோங்பில் உதவிக்காகப் பக்கத்தில் பார்த்தார். அவருடைய மனைவி ஹியோன்சுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். கல்யாண நாளில்கூட அவள் அப்படி அழுததில்லை. இனி உட்காருவது எப்படி?

மறுநாளே உண்மையைச் சொல்லி ஆளை விடச் சொல்லிவிடலாம் என்று பாஸ்டர் போங்கின் அறைக்குப் போனார். பாஸ்டர் அவரை உட்காரவைத்து, பார்லி டீ ஊற்றிக் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

"டீக்கன், கொஞ்சம் யோசிச்சீங்களா?"

"அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன் பாஸ்டர்."

"நல்லது. நான் ஏதோ வருஷா வருஷம் 'போங்க போங்க'ன்னு பிரசங்கம் பண்றேன். அதுக்காக நீங்க நெஜமாவே போயிடறதா? சபை வேனை யாரு ஓட்டுவா? பாய்லர் நின்னா யாரு பார்ப்பா? பாடகர் குழுவுல அடிக்குரல் பாட நீங்க ஒருத்தர்தான். நீங்க போயிட்டா அது பெண்கள் பள்ளிக்கூடம் மாதிரி ஆயிடும்."

ஜோங்பில் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். இருபது ஆண்டாகச் சபைக்கு வருகிறார். வேனும் பாய்லரும் அடிக்குரலும்தான் தாமா?

"கம்போடியாவுல தண்ணி இல்லாம சாகறாங்களாம் பாஸ்டர்," என்றார். அதைத் தாம்தான் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"குன்சான்லயும் ஆண்டவருக்கு வேலை இருக்கு டீக்கன்."

"பாய்லர் வேலையா?"

பாஸ்டர் டீயைக் குடித்தார். ஜோங்பில் கோபமாக வெளியே வந்தார். தெரு முனை திரும்பிய பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்லாமலே வந்துவிட்டது ஞாபகம் வந்தது.

அலுவலகத்திலும் அதே கதை. பிரிவுத் தலைவர் ஓக் நல்ல மனிதர், ஆனால் பணி ஓய்வு தவிர வேறு மோட்சம் அறியாதவர்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? வர்ற வசந்தத்துல உனக்குப் பதவி உயர்வு. அறுபது வயசு வரைக்கும் இந்த நாற்காலியை ஒருத்தனும் அசைக்க முடியாது. வெளியில பசங்க இந்தப் பரீட்சைக்கு வருஷக்கணக்கா கோச்சிங் சென்டர்ல படுத்துக் கிடக்கிறானுங்க. நீ என்னடான்னா எழுந்து போறேங்கிறே!"

ஜோங்பில் நாற்காலியைப் பார்த்தார். ஹியோன்சுக் தைத்துக் கொடுத்த மெத்தை, அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அவருடைய வடிவத்திலேயே பள்ளமாகிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் விடியற்காலையில் தெருத் தெருவாகப் போய், கேட்புக் கோலைத் தரையில் ஊன்றிக் காதை வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தவர். ஒழுகும் தண்ணீர் சிற்றருவி மாதிரி காதுக்குள் சிரிக்கும். பிறகு பதவி உயர உயர, தண்ணீர் தூரமாகிப் போய், தண்ணீரைப் பற்றிய புகார்கள் மட்டும் மிஞ்சின. 'எங்க வீட்டுத் தண்ணியில கோழி வாசனை வருது' என்று தினமும் ஒரே அம்மாள் ஃபோன் செய்வாள். கோழி வாசனை அவள் சமையலறையிலிருந்து வருகிறது என்பதை அவர் எட்டு ஆண்டாகச் சொல்லாமல் காத்துவந்தார்.

"நாற்காலியை அசைக்க முடியாதுதான் சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

ஓக் வாயைப் பிளந்தார். ஜோங்பிலும் உள்ளுக்குள் பிளந்துதான் போனார்.

இப்படியே ஒவ்வொருவரும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர் வேண்டும் என்று வாதாடினார். அண்ணன் புசானிலிருந்து வந்து, "அம்மா அப்பா சமாதிக்குப் புல் வெட்டறது யாரு?" என்று கத்தினார். "வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டற புல்லுக்காக நான் வருஷம் பூரா இங்க இருக்கணுமாண்ணே?" என்று பதிலுக்குக் கத்தினார். பிறந்தது முதல் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவர். சியோலில் படிக்கும் மகள் மட்டும், "அப்பா, உங்களைப் பத்தி ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்றதுக்கு இப்பத்தான் ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. மாத்திடாதீங்க," என்று செய்தி அனுப்பினாள்.

வாதத்தில் எல்லோரையும் ஜெயித்துவிட்ட பிறகு மனசாட்சி அறுக்கத் தொடங்கியது. ஆண்டவர் அழைத்தார் என்று ஊரே நம்புகிறது. அழைத்தது கெண்டைக்கால். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள் வந்தது. ஹியோன்சுக்கும் அவரும் சமையலறைத் தரையில் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, உப்பில் ஊறிய கோஸ் இதழ்களுக்குள் மிளகாய் விழுதைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இருவர் கையும் கொலைகாரர்கள் கை மாதிரி சிவந்திருந்தது. ஒப்புக்கொள்ள இதுவே பொருத்தமான நேரம் என்று அவருக்குத் தோன்றியது.

"ஹியோன்சுக், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் எழுந்து நின்னது..."

"காலு பிடிச்சுக்கிச்சு," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல உக்காந்திருந்தவ நான். கூட்டம் பூரா நீங்க காலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்க. ரெண்டு தரம் என் காலையும் சேர்த்துத் தேய்ச்சீங்க."

"அப்புறம் ஏன் அந்த அழுகை அழுதே?"

"முதல்ல சிரிப்புத்தாங்க வந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் நெஜமாவே அழுகை வந்துடுச்சு. இந்த மனுஷன் தானா எழுந்து நிக்க மாட்டாரு, அதுக்காக ஆண்டவர் எவ்வளவு கீழ இறங்கிவந்து காலைப் பிடிச்சு முறுக்க வேண்டியிருக்குன்னு."

ஜோங்பில் கையுறையோடு நெற்றியைத் துடைத்து, கண்ணெல்லாம் மிளகாய் ஆக்கிக்கொண்டார். ஹியோன்சுக் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

"எனக்குப் போகணும்னு ஆசைதான்," என்றாள். "என் சலூன்ல அதே நாலு தலைக்கு அதே சுருட்டை வெச்சு வெச்சு அலுத்துப்போச்சு. ஆனா உங்களை முதுகுல தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பில்ல. இப்பக் காலு நல்லாத்தானே இருக்கு? இப்பச் சொல்லுங்க."

கண் எரிச்சலில் தண்ணீர் வழிய, அவர் கோஸ் அண்டாவின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தைத் தவிர வேறு ஜெபம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று மனத்துக்குள் என்னவோ கேட்டார். பதில் எதுவும் காதில் விழவில்லை. போகாமல் இருந்தால் மிச்ச வாழ்நாள் எப்படிப் போகும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"போகலாம்," என்றார். "கிம்ச்சி கொஞ்சம் அதிகமாவே போடு."

வசந்தத்தில் பதவி உயர்வு வந்த அதே வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பாஸ்டர் போங் வழியனுப்புக் கூட்டத்தில் கண்கலங்கப் பேசினார். பேச்சில் பாய்லர் வரவில்லை.

கம்போடியாவில், கம்போங் சனாங் நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் முதல் கூட்டத்திலேயே ஜோங்பில் பேர் வாங்கிவிட்டார். ஒரு மாதம் பாடம் பண்ணிய கெமர் மொழியில், "நான் உங்களுக்காக நிலத்தைத் தோண்டித் தண்ணீர் எடுத்துத் தருவேன்," என்று அறிவிக்க நினைத்தார். தண்ணீருக்கும் படகுக்கும் அந்த மொழியில் ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். ஊர் திகைத்துப் பார்த்தது. பனைவெல்லம் காய்ச்சி விற்கும் சவோன் என்ற பெண்மணி எழுந்து, "வாத்தியாரே, எங்க ஊருக்கு அடியில படகு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது? இருந்தா எனக்கு ஒண்ணு வேணும்," என்றாள். அன்று முதல் பிள்ளைகள் அவரைப் படகு வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

கிணறு நன்றாகவே அமைந்தது. குன்சான் சபை கட்டிக்கொடுத்த சிறிய ஆராதனை வீட்டு வாசலில், ஆழ்துளை போட்டு, கைப்பம்பு வைத்து, மாகாணத் தலைநகரத்துக்குத் தண்ணீரை அனுப்பிச் சோதித்து, விஷம் இல்லை என்று சான்றும் வாங்கினார். சபையிலிருந்து வந்த உத்தரவுப்படி ஓர் ஒலிபெருக்கியும் கட்டினார். அவருடைய கெமர் மொழியை நம்ப முடியாததால், அந்தத் தொண்டை கட்டிய மிஷனெரி பதிவுசெய்து கொடுத்த பிரசங்கம் காலையும் மாலையும் ஓடியது.

ஒருவரும் தண்ணீர் எடுக்க வரவில்லை.

வாரங்கள் ஓடின. பெண்கள் பம்பைக் கடந்து, குடத்தோடு, பச்சைப்பாசி மிதக்கும் குளத்துக்கே போனார்கள். ஜோங்பிலுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் சவோனை வழிமறித்தார்.

"அக்கா, என் தண்ணியில என்ன குறை?"

"தண்ணியில ஒரு குறையும் இல்ல வாத்தியாரே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்புறம்?"

"ஒரு குடம் ரொம்பறதுக்குள்ள அந்த ஆளு எங்களை நாலு தரம் திட்டறாரு. நான் என்ன பாவம் பண்ணினேன், வெல்லத்துல கொஞ்சம் சர்க்கரை கலக்கறதைத் தவிர? குளத்துத் தண்ணி அழுக்குதான். ஆனா குளம் பேசாது."

அன்று மாலையே ஒலிபெருக்கி கழற்றப்பட்டது. ஹியோன்சுக் அதைத் துணி மூடி அலமாரிமேல் வைத்தாள். இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவே. இந்த இடம் ஊருக்கு வெளியே, லாரி போகும் சாலை ஓரம் என்றார்கள் பெண்கள். கிணறு என்றால் பகோடாவின் முற்றத்தில், மாமர நிழலில் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் அங்கே, சந்தை அங்கே, வம்பு பேசுவதும் அங்கே.

"புத்தர் கோயில் மண்ணுல சபைக் காசுல கிணறா? பாஸ்டர் மயக்கம் போட்டு விழுவாரு," என்றார் ஜோங்பில்.

ஹியோன்சுக் மாமரத்தடியில் நாற்காலி போட்டு ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். வந்த ஒரு மாதத்திலேயே அவள் மொழியைப் பிடித்துவிட்டாள். வாடிக்கையாளர் வாயிலிருந்துதான் மொழி வரும் என்பது அவள் கட்சி. கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்:

"பாஸ்டர் விழுந்தா முகத்துல தெளிக்கத் தண்ணி வேணும். சீக்கிரம் தோண்டுங்க."

தலைமைப் பிக்கு கண்ணாடி போட்ட, வெற்றிலைக் கறை படிந்த பல்லுடைய மனிதர். ஜோங்பில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பம்பு கிறீச்சிடக் கூடாது. நாங்க தியானத்துல உக்காருற நேரத்துல கிறீச்சிட்டா, அப்புறம் என் மனசு முழுக்க உங்க பம்புதான் இருக்கும்."

"எண்ணெய் போட நானே வர்றேன்."

"வாங்க. அப்படியே தியானத்துக்கும் உக்காருங்க."

"வேண்டாம் சாமி. எனக்கு ரொம்ப நேரம் உக்கார்ந்தா ஆகாது."

பகோடாக் கிணறு முதல் நாளிலிருந்தே திருவிழாவாயிற்று. குளம் மாடுகளுக்கு விடப்பட்டது. மழைக்காலம் முடிந்தபோது வயிற்றுப்போக்கு என்று சுகாதார நிலையத்துக்குப் போன பிள்ளைகள் வெகு குறைவு. ஜோங்பில் குன்சானுக்கு எழுதிய அறிக்கையில், 'ஊர் மக்கள் ஆர்வத்தோடு கூடும் ஓர் இடத்தில்' கிணறு அமைந்திருப்பதாக மட்டும் எழுதினார். பொய் இல்லை.

அந்த ஒரு வரியை நம்பித்தான் பாஸ்டர் போங் இரண்டு மூப்பர்களையும், சபையின் பேர் எழுதிய நீளமான பேனரையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறி வந்துவிட்டார்.

வேன் பகோடா வாசலில் நின்றது. தங்க நிறக் கூரை வெயிலில் பளபளத்தது. கிணற்றடியில் காவியுடுத்த இளம் பிக்குகள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூப்பர்கள் பேனரைப் பாதி விரித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"சிலுவை எங்க?" என்றார் ஒரு மூப்பர்.

"அது அங்க, லாரி ரோட்டோரம்," என்றார் ஜோங்பில், தரையைப் பார்த்தபடி.

பாஸ்டர் அவருடைய முழங்கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தார். "டீக்கன், என்னை வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா? இந்தப் பேனரை நான் எங்க கட்டுவேன்? புத்தர் கழுத்துலயா?"

மேலும் திட்டியிருப்பார். ஆனால் வெயிலும் வேன் குலுக்கலும் சேர்ந்து அவரைத் தள்ளாட வைத்தன. சவோன் பார்த்தாள். கேட்காமல் கொள்ளாமல் அவரைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு வாளி தண்ணீரைத் தலையோடு கவிழ்த்தாள். கோட்டு, டை எல்லாம் நனைந்து பாஸ்டர் மூச்சு வாங்கினார். அடுத்த சொம்பைக் குடிக்கக் கொடுத்தாள். குடித்தார். இன்னொன்றும் கேட்டுக் குடித்தார்.

"இந்தக் கிணத்துக்குக் காசு அனுப்பினது இவருதானா?" என்று சவோன் கேட்டாள். ஹியோன்சுக் தலையசைத்தாள். "அப்ப கேளு. எங்களுக்கெல்லாம் ரொம்ப நாளா ஒரு சந்தேகம். எங்க மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல. எதுக்கு அனுப்பினாரு?"

பெண்கள் குடங்களை இறக்கிவைத்துச் சுற்றிவந்து நின்றார்கள். மாடு கட்ட வந்தவர்களும் நின்றார்கள். ஹியோன்சுக் மொழிபெயர்த்தாள். பாஸ்டர் பழக்க தோஷத்தில் பைக்குள் கைவிட்டுப் பிரசங்கக் குறிப்பைத் தேடினார். அது நனைந்து கூழாகியிருந்தது.

"எங்க ஊர்ல சண்டை முடிஞ்ச சமயம்," என்று தொடங்கினார். "சோறு கிடையாது. எங்க அம்மா அப்ப சின்னப் பொண்ணு. கடலுக்கு அந்தப்பக்கம் இருந்து யாரோ முகம் தெரியாதவங்க சபை மூலமா பால் பவுடர் அனுப்பினாங்க. அதைக் கரைச்சுக் குடிச்சுத்தான் அம்மா பிழைச்சாங்க. எங்க ஜனங்களுக்குப் பால் பழக்கமில்ல, அதனால ஊரே வரிசையா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுச்சாம். அதையும் அம்மா சொல்லுவாங்க. ஆனா யாரு அனுப்பினாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே போயிட்டாங்க. அந்த நன்றியை யாருகிட்ட சொல்றது? அதான் இங்க அனுப்பறோம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சவோன் சிரிக்கவில்லை. யோசனையாக நின்றாள். இந்த ஊரிலும் சோறில்லாத காலம் ஒன்று இருந்தது. அவள் வயதுக்காரர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

"பால் கொடுத்தவங்க உங்க அம்மாவைப் பாடச் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்க."

"பாடினாங்களா?"

"முதல்ல பாலுக்காகப் பாடினாங்க. அப்புறம் பால் நின்னு போச்சு. பாட்டை மட்டும் விட முடியலன்னு சொல்லுவாங்க."

"எங்கே, அந்தப் பாட்டைப் பாடுங்க பார்ப்போம்."

பாஸ்டர் பகோடாவைப் பார்த்தார். தலைமைப் பிக்கு வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "மணி அடிக்கிற வரைக்கும் பாடலாம்," என்றார் அவர்.

ஈரக் கோட்டோடு, புத்தர் கோயில் மாமரத்தடியில், பாஸ்டர் போங் தம் அம்மாவின் பாட்டைப் பாடினார். இரண்டாம் அடியில் ஜோங்பில் அடிக்குரலில் சேர்ந்துகொண்டார். மூப்பர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவர்களும் சேர்ந்தார்கள். பேனர் தரையில் கிடந்தது. ஒரு நாய் அதன்மேல் சுருண்டு படுத்தது.

சபையில் புயல் அடிக்கத்தான் செய்தது. ஒரு மூப்பர் கோபித்துக்கொண்டு காணிக்கையை நிறுத்தினார். மாதாந்தர உதவி குறைந்தது. ஹியோன்சுக் சந்தை நாட்களில் பக்கத்து ஊருக்கும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள். சபைப் பத்திரிகையில் வந்த படத்தில் கிணறும் பாஸ்டரும் இருந்தார்கள், தங்கக் கூரை வெட்டப்பட்டிருந்தது. ஆனால் பாஸ்டர் அந்த ஆண்டு மிஷனெரிக் கூட்டத்தில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை என்றும், பால் பவுடர் கதையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்றும் மகள் ஃபோனில் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் தாமாகவே அவருடைய அறைக் கதவைத் தட்டினார்களாம்.

ஆராதனை வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சவோனும் அவள் நாத்தனாரும் வரத் தொடங்கினார்கள். விசுவாசமா, வேடிக்கையா என்று ஜோங்பில் கேட்கவில்லை. சவோனே ஒரு நாள் சொன்னாள்: "இன்னும் முடிவு பண்ணல வாத்தியாரே. அவசரப்படுத்தாதீங்க. வந்து கேட்டுட்டுப் போறேன்." அவர் அவசரப்படுத்தவில்லை.

அறுவடை முடிந்த ஒரு காலை, ஆற்றுக்கு அக்கரை ஊர்த் தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தங்கள் ஊரில் பகோடா ஒரு பக்கம், மசூதி மறுபக்கம், கிணறு நடுவில் வேண்டும் என்றார்; ஊர் இரண்டாகச் சண்டை போடாமல் இடம் குறிப்பது படகு வாத்தியார் பாடு என்றார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க!" என்று ஹியோன்சுக் உள்ளிருந்து கத்தினாள்.

"அவங்க வீட்டுலயே சாப்பிட்டுக்கிறேன்," என்று ஜோங்பில் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைவரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆற்றுப்பக்கம் திரும்பியது.